கொஞ்சம் கொழுப்பு... மூன்று கொலை!

போன் அலறியபோது சஃப்ரீன் மும்பை சயான் ஸ்டேஷனில், லோக்கல் ரயிலுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள்.

மீதிப் பாதியைப் பின்னால் நின்ற பெண்கள் இடித்துத் தள்ளி உள்ளே சேர்த்தார்கள்.

காலை ஏழு ஐம்பது. லேடீஸ் கம்பார்ட்மென்ட். கையைத் தூக்க இடமில்லை.

போன் நின்றது.

மறுபடியும் அலறியது!

யாருடைய தோளுக்கோ மேலாகக் கையை நீட்டி, எப்படியோ காதில் வைத்தாள்.

"ஏட்டி சஃப்ரீன்... எங்கம்மாவ அடிச்சே கொல்லுதானுவட்டி!"

பொன்செல்வி! தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ் கேர்ள்.

"யாரு? எங்க வச்சு?"

"ஆஸ்பத்திரில... திலக் நகர்ல! இன்னிக்கும் ஒருத்தரு செத்துட்டாராம். மூணாவது ஆளு! எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம்னு... நான் ஓடிட்டிருக்கேன். நீ வாட்டி, எனக்கு ஒண்ணும் ஓடல!"

சஃப்ரீன் அடுத்த ஸ்டேஷனான குர்லாவில் குதித்தாள். படிக்கட்டில் ஓடினாள். ஆட்டோவில் விழுந்தாள்.

"திலக் நகர்! ஜல்தி சலோ, பாய்!"

*

சஃப்ரீனுக்கு வயது முப்பத்தொன்று. பூர்வீகம் கடையநல்லூர். வாப்பா அப்துல் ரவூப் தாராவியில் லெதர் பை தைக்கிறவர். மகளை எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்க வைத்தார். ஐரோலியில் ஒரு தனியார் லேபில் அவளுக்கு வேலை. பாக்டீரியாக்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கிற வேலை.

திலக் நகரில் அந்த இருபது படுக்கை நர்சிங் ஹோமின் வாசலில் கூட்டம் நெரிந்தது.

நடுவில் ஆறுமுகத்தாய்.

ஐம்பத்து நாலு வயசு. பதினோரு வருஷமாய் அந்த வார்டைக் கூட்டித் துடைக்கிறவள். நீல யூனிஃபார்ம் சேலை தோளில் கிழிந்திருந்தது. உதடு பிளந்து ரத்தம் தாடையில் இறங்கிக் கொண்டிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு பொன்செல்வி. இருவரையும் மறைத்தபடி லத்தியோடு ஒரு போலீஸ்காரர்.

பத்தடி தள்ளி, ஸ்ட்ரெச்சரில் பூலோகம்.

விக்ரோலிக்காரர். பஸ் டிரைவர். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தவர். நேற்றே வீட்டுக்குப் போக வேண்டியவர். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையைக்கூட வாரிக்கொண்டார். 'கடைசியா ஒரு பாட்டில் ஏத்திட்டுப் போங்க' என்றார்கள். பாட்டில் பாதி இறங்கும்போதே குளிர் தூக்கிப் போட்டது... விடிந்தபோது முடிந்துவிட்டது.

"சட்டைய மாட்டிட்டு உக்காந்திருந்தாரே! சட்டைய மாட்டிட்டு உக்காந்திருந்தாரே!"

அவர் மனைவி அதையே திரும்பத் திரும்பக் கத்திக் கொண்டிருந்தாள்.

டாக்டர் பிரம்மநாயகம் வியர்த்துப் போயிருந்தார். நர்சிங் ஹோமின் ஓனர்.

"அஞ்சு நாள்ல மூணு டெத், சார்! மூணு பேர் ரத்தத்துலயும் ஒரே மாதிரி இன்ஃபெக்‌ஷன்! தரை துடைக்கிற கையோட இந்தம்மா டிரிப் ஊசியைத் தொட்டிருக்கு. வேற வழியே இல்லை. தாராவில குடியிருக்கிறவங்களுக்கு ஹைஜீன்னா என்னன்னு..."

"நானும் தாராவிதான், டாக்டர்." போலீஸ்காரர் திரும்பினார். நெஞ்சில் பெயர்ப் பட்டை... சப் இன்ஸ்பெக்டர் ஜெயகணேஷ். "கைய நீட்டுதேன். மோந்து பாக்கியளா?"

டாக்டர் வாயை மூடினார்.

ஆறுமுகத்தாய் முனகினாள். "பாட்டில நான் தொட்டதே இல்லய்யா. நர்சம்மா தொட விடாது. காலிப் பாட்டில எடுத்துக் குப்பையில போடுறதோட சரி..."

"அந்தக் காலிப் பாட்டில் எங்க?" சஃப்ரீன் கூட்டத்தைப் பிளந்து முன்னால் வந்தாள்.

ஜெயகணேஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சஃப்ரீன். ஐரோலில லேப்ல இருக்கேன். சார், எதையும் கழுவ விடாதீங்க. இறந்தவரு ரத்தம், பாதி இறங்குன பாட்டில், அதே பெட்டில இருக்க புதுப் பாட்டில், தரை துடைக்கிற பக்கெட் தண்ணி, இந்த அத்தை கை... எல்லாத்துலயும் சாம்பிள் எடுத்து சீல் வைங்க. யாரு குற்றவாளின்னு அந்தக் கிருமியே சொல்லும்."

"கிருமி ஸ்டேட்மென்ட் குடுக்குமா?"

"குடுக்கும் சார். வாங்கத் தெரியணும்."

அவர் யோசித்தார். "அரசாங்க லேப்ல வரிசை நிக்கி. ஒன்றரை மாசம் ஆவும். அது வரைக்கும் இந்தம்மா உள்ளதான் இருக்கணும்."

சஃப்ரீன் அங்கேயே நின்று தன் லேபின் டைரக்டர் விஜயலக்ஷ்மிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். நர்சிங் ஹோம் பெயரைச் சொன்னாள். பாதி இறங்கின சலைன் பாட்டிலைச் சொன்னாள்.

எதிர்முனையில் இரண்டு விநாடி சத்தமே இல்லை.

அப்புறம்... "பாவம்டி அந்த அம்மா! கோர்ட் பெர்மிஷனுக்கு நானே லெட்டர் தரேன். நம்ம லேப்லயே பண்ணிடலாம். ஃபீஸ் வேண்டாம்னு சொல்லு."

சஃப்ரீனுக்குக் கண் கலங்கியது.

*

மூன்றாம் நாள். ஐரோலி லேப்.

ஜெயகணேஷ் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மெஷினைச் சுற்றி வந்தார். குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு அடுப்பு. பக்கத்தில் ஒரு டிடெக்டர். பக்கத்தில் கம்ப்யூட்டர்.

"இதா ஸ்டேட்மென்ட் வாங்குது?"

"ஆமா சார். ஒவ்வொரு பாக்டீரியா உடம்புலயும் கொழுப்பு இருக்கு..."

"கிருமிக்கே கொழுப்பா! மனுஷன் மட்டும்தான்னு நெனச்சேன்."

சஃப்ரீன் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"ஒரே ஒரு கொழுப்பு இல்ல சார், பல தினுசு. சிலதுல பதினாறு கார்பன், சிலதுல பதினெட்டு, சிலது வளையம் போட்டிருக்கும். எந்தக் கொழுப்பு எவ்வளவுங்கிற கலவை ஒவ்வொரு ஜாதிக் கிருமிக்கும் வேற. பிரியாணி வாசத்த வச்சே எந்த பண்டாரி சமையல்னு எங்க வாப்பா சொல்லிருவாரு. அந்த மாதிரி."

"சரி..."

"கிருமிய வளத்து, காஸ்டிக் சோடா மாதிரி காரத்துல கொதிக்க வச்சா கொழுப்பு பிரிஞ்சு வரும். அத ஆவியாகுற மாதிரி மாத்தி, ஒரு சொட்டு இந்த ஊசில ஏத்துவேன். உள்ள முப்பது மீட்டர் நீளத்துக்கு முடி மாதிரி ஒரு குழாய். சூடு ஏற ஏற ஒவ்வொரு கொழுப்பா வெளிய வரும். இந்த டிடெக்டர் அத உடைச்சு, துண்டுகள எடை போட்டு, இது இன்ன கொழுப்புன்னு சொல்லும்."

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. திடீரென ஒரு முனை எழுந்தது. விழுந்தது. இன்னொன்று...

"இது பூலோகத்தோட ரத்தத்துல இருந்து எடுத்த கிருமி." அவள் குரல் தாழ்ந்தது. "பர்க்ஹோல்டேரியா. பொல்லாதது சார். சாப்பாடே வேண்டாம். சுத்தமான தண்ணில வாழும். கிருமிநாசினிலயே குடித்தனம் நடத்தும். மத்த ரெண்டு பேர் ரத்தத்துலயும் இதேதான்."

"பக்கெட் தண்ணி?"

"அதுல வேற சில்லறைக் கிருமிங்க இருக்கு. இது இல்ல."

"பாட்டிலு?"

பதில் வாசலில் இருந்து வந்தது.

"க்ளீன்." டைரக்டர் விஜயலக்ஷ்மி நின்றாள். ஐம்பத்தாறு வயசு. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாய் இருக்கிற குடும்பம். லேபைத் தொடங்கி, பதினெட்டு வருஷம் நடத்துகிறவள். "எல்லா சாம்பிளையும் நானே தட்டுல போட்டு வளர்த்தேன், மிஸ்டர் ஜெயகணேஷ். பாட்டில்ல எதுவுமே முளைக்கலை."

"அப்ப அந்தம்மா கையி?"

"அதான் ஓடிண்டிருக்கு. பாருங்கோ."

மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

முனைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அழகாய். வரிசையாய்.

கம்ப்யூட்டர் பெயரைத் துப்பியது.

பர்க்ஹோல்டேரியா! பொருத்தம்... தொண்ணூற்றொன்பது சதவீதம்!

சஃப்ரீன் அந்த எண்ணை மறுபடியும் படித்தாள்.

"ஸோ சாரிமா," விஜயலக்ஷ்மி அவள் தோளைத் தொட்டாள். "ரிப்போர்ட்டை டைப் பண்ணிடு."

*

அன்று சாயங்காலம் பொன்செல்வி அவளை மாட்டுங்கா மார்க்கெட் நடைபாதையிலேயே நிறுத்தினாள். இட்லித் தட்டுகளும் குக்கர்களும் தொங்குகிற கடை வாசல்.

"ரிப்போர்ட்ல என்னட்டி எழுதப் போற?"

சஃப்ரீன் தொங்கிய குக்கர்களைப் பார்த்தாள்.

"எங்கம்மா கையில அந்தக் கருமம் இருந்துச்சுன்னா?"

"மெஷின் அப்படித்தான் சொல்லுது, செல்வி..."

"மெஷினு!" பொன்செல்வியின் கண்கள் பொங்கின. "உனக்கு டைபாய்டு வந்து கெடந்தியே, எட்டாவது படிக்கையில! அப்ப உங்கம்மாவும் சீக்கா கெடந்தாங்க. உன் பீத்துணிய அலசுனது யாரு? அந்தக் கையிதான! அப்ப உனக்குக் கிருமி தெரியலியோ?"

"செல்வி..."

"போட்டி. படிச்சவ நீ. பெரிய மனுஷி. இனிமே எங்க சந்துக்குள்ள வராத."

அவள் கடைக்குள் போய், ஒரு வாடிக்கையாளருக்கு இட்லிக் கொப்பரையை எடுத்துக் காட்ட ஆரம்பித்தாள். 

*

மறுநாள் காலை சஃப்ரீன் எட்டு மணிக்கே லேபுக்கு வந்தாள்.

ரிப்போர்ட்டை டைப் செய்ய உட்கார்ந்தாள். விரல் ஓடவில்லை.

இரண்டு பிரிண்ட்டுகளை எடுத்தாள். பூலோகத்தின் ரத்தம். ஆறுமுகத்தாயின் கை.

ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள்.

ஒரே கிருமி. ஒரே முனைகள்.

இல்லை...

ஒரே முனைகள் இல்லை!

ரத்தத்தில், பதின்மூன்றாவது நிமிடத்தில் ஒரு குட்டி முனை. கவனிக்காமல் விட்டால் அழுக்குப் புள்ளி. மற்ற இரண்டு பேரின் பிரிண்ட்டைத் தேடி எடுத்தாள். அவற்றிலும் அதே இடத்தில் அதே குட்டி முனை!

ஆறுமுகத்தாயின் கையில் அது இல்லை.

ரத்தத்தின் பொருத்தம் எவ்வளவு? எழுபத்தொன்று சதவீதம். மற்ற இருவருக்கும் எழுபது, எழுபத்திரண்டு.

கைக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது!



ஆறு வருஷ சர்வீஸில் நிஜமான நோயாளியிடமிருந்து வந்த எந்தக் கிருமியும் தொண்ணூற்றொன்பது வாங்கியதில்லை! ஊரில் அலைகிற கிருமிக்கு அம்மைத் தழும்பு, கோணல் மூக்கு எல்லாம் இருக்கும். தொண்ணூற்றொன்பது வாங்குவது ஒன்றே ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டர் லைப்ரரி எந்த அசல் ரெஃபரன்ஸ் கிருமியை வைத்து எழுதப்பட்டதோ, அந்தக் கிருமி!

அது இருப்பது இந்த லேபின் ஃப்ரீஸரில்!

ஓடினாள். மைனஸ் எண்பது டிகிரி. கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை. தடிமனான கையுறையோடு பெட்டியை உருவினாள்.

ரெஜிஸ்டரில் எட்டுக் குப்பிகள்.

பெட்டியில் ஏழு.

கல்ச்சர் அறைக்குப் போனாள். ஆறுமுகத்தாயின் சாம்பிள் வளர்ந்த தட்டை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தாள்.

தேதி. கேஸ் நம்பர். கீழே... 'வி.எல்.'

விஜயலக்ஷ்மியின் கையெழுத்து.

சஃப்ரீன் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜெயகணேஷுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பெட்டில இருந்த பாட்டில் எல்லாத்தையும் எங்களுக்கே குடுத்துட்டீங்களா?"

"எங்க வழக்கப்படி பாதிதான் லேபுக்கு. பாதி ஸ்டேஷன் அலமாரிலல்லா இருக்கு! ஏன் மேடம்?"

"ஒரு பாட்டில் எடுத்துட்டு வாங்க. லேபுக்கு இல்ல... எங்கிட்ட. என் கையில மட்டும்."

*

அடுத்து வந்த நாட்களை சஃப்ரீன் முள்மேல் கழித்தாள். டைரக்டர் கேட்கும்போதெல்லாம் 'ரிப்போர்ட் ஃபார்மேட் சரியில்ல மேடம்', 'பிரிண்டர் மக்கர் பண்ணுது மேடம்'.

மார்ச் மாதம் முடிகிற வெயில் ஐரோலி கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் தெறித்த ஒரு மத்தியானம், எல்லோரும் டிபன் டப்பாவோடு கேன்டீனுக்குப் போன நேரத்தில், ஊசியை ஏற்றினாள்.

ஜெயகணேஷ் கொண்டு வந்து கொடுத்த, சீல் உடையாத புது சலைன் பாட்டிலில் இருந்து வளர்ந்த கிருமி!

பத்தாவது நிமிடம்... முனை எழுந்தது.

பன்னிரண்டு...

சஃப்ரீன் திரையை ஒட்டிக் குனிந்தாள்.

பதின்மூன்று!

குட்டியாய் ஒரு முனை எட்டிப் பார்த்தது!

பொருத்தம் எழுபத்தொன்று சதவீதம்.

ஆறுமுகத்தாய் தொட்டிருக்கவே முடியாத பாட்டில். ஃபேக்டரியில் சீல் வைக்கும்போதே சாவு உள்ளே உட்கார்ந்திருந்த பாட்டில்!

பிரிண்ட்டில் பாட்டிலின் பேட்ச் நம்பரைக் குறித்து, மடித்துக்கொண்டு நேராய் டைரக்டர் அறைக்குப் போனாள். தட்டாமல் திறந்தாள்.

"ஃப்ரீஸர்ல ஒரு குப்பி குறையுது, மேடம்."

விஜயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினாள். ஆச்சரியப்படவில்லை.

"கதவைச் சாத்திண்டு உக்காரு."

"நான் நின்னுக்கிறேன். அந்த அத்தை கை சாம்பிள்ல நீங்கதான் அந்தக் கிருமியப் போட்டீங்க. பாட்டில் க்ளீன்னு பொய் சொன்னீங்க. ஏன் மேடம்? யாரக் காப்பாத்த?"

"உன்னைத்தான்."

சஃப்ரீன் விழித்தாள்.

விஜயலக்ஷ்மி டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மேஜையின் மேல், எதிர்ப்பக்கம் படிக்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

ஸ்டெரிலிட்டி சர்ட்டிஃபிகேட். நரம்பில் ஏற்றும் சலைன். குறிப்பிட்ட பேட்ச். பதினான்கு நாள் வைத்துச் சோதித்ததில் கிருமி எதுவும் இல்லை. விற்பனைக்கு விடலாம்.

பேட்ச் நம்பரைப் பார்த்தாள். கையிலிருந்த பிரிண்ட்டைப் பார்த்தாள்.

அதே நம்பர்!

கீழே கையெழுத்து.

சஃப்ரீன்.

"இது... இது நான்..."

"பிப்ரவரி இருபத்தொண்ணு. சனிக்கிழமை. உங்க நோன்பு ஆரம்பிச்சு மூணாம் நாள். சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு பறந்தே. பத்தொன்பது ரிப்போர்ட்டை நீட்டினேன். 'நீங்க பாத்துட்டீங்கல்ல மேடம்?'னு மட்டும் கேட்டே. பாத்துட்டேன்னேன். கடகடன்னு போட்டுண்டே போனே."

ஞாபகம் வந்தது. பேனா ஓடிய சத்தம்கூட ஞாபகம் வந்தது. சாம்பிள்கள் கம்பெனி பெயரில் வராது. கோட் நம்பரில்தான் வரும். எந்தக் காகிதம் யாருடைய உயிர் என்று அதில் எழுதியிருக்காது.

"நீங்க... பாத்திருந்தீங்களா?"

"பதினாலு நாள் வெக்கணும். அன்னிக்கு நாலாம் நாள். தெளிவாத்தான் இருந்தது. கம்பெனிக்காரன் லாரில சரக்கை ஏத்திண்டு கேட்டுல நிக்கறான். விட்டேன்." அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "ஒன்பதாம் நாள் கலங்கித்து."

"ஒன்பதாம் நாள் உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்."

"அப்பவாவது சொல்லியிருந்தா மூணு பேர் பிழைச்சிருப்பாங்களே!"

"லேபுக்குப் பூட்டுப் போட்டிருப்பா. முப்பத்தெட்டு பேர் தெருவுல நின்னிருப்பா. உன்னையும் சேர்த்துத்தான்." விஜயலக்ஷ்மியின் குரல் தாய் மாதிரி குழைந்தது. "இதோ பாரு. அந்த அம்மாவுக்கு நல்ல வக்கீல் வெச்சுத் தரேன். கவனக்குறைவு கேஸ்தானே, சீக்கிரம் வெளில வந்துடுவா. நீ போய் ரிப்போர்ட்டை டைப் பண்ணு. இல்லேன்னா இந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும். அதுல என் பேர் எங்கேயும் இல்லை. உன் பேர்தான் இருக்கு."

சஃப்ரீன் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

வாப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். 'எம் மவ கையெழுத்துப் போட்டாத்தான் மருந்து கடைக்கே போவும்!'

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். டைப் செய்துவிடலாம். ஒரு கூட்டுகிறவளுக்காக யார் கேட்கப் போகிறார்கள்?

 பேட்ச் நம்பரை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த பேட்ச்ல மொத்தம் எத்தனை பாட்டில், மேடம்?"

"அது எதுக்கு உனக்கு?"

"எத்தனை?"

"...பதினோராயிரம்."

"இப்ப, நாம பேசிட்டிருக்க இந்த நிமிஷம், எத்தனை ஆஸ்பத்திரில எத்தனை பேர் கையில இறங்கிட்டிருக்கு?"

விஜயலக்ஷ்மி முதல்முறையாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சஃப்ரீன் மேஜை மேலிருந்த சர்ட்டிஃபிகேட்டை எடுத்தாள்.

"ஏய்! அதை வை! பைத்தியமாடி உனக்கு? உள்ளே போகப்போறது நீ!"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

*

ஸ்டேஷனில் ஜெயகணேஷ் முதல் காகிதத்தைப் படித்து மேஜையைத் தட்டினார். "ஷாபாஷ்! பாட்டில்தான்! அந்தம்மா மேல ஒண்ணுமில்ல!"

இரண்டாவது காகிதத்தைப் படித்தார்.

நிமிர்ந்தார். மறுபடி குனிந்து படித்தார்.

"மேடம்... இதுல உங்க கையெழுத்துல்லா இருக்கு?"

"ஆமா சார்."

"இத எங்கிட்ட காட்டாம முதல் காகிதத்த மட்டும் குடுத்திருக்கலாமே!"

"அந்த சர்ட்டிஃபிகேட் பொய்யின்னு தெரிஞ்சாதான் சரக்க உடனே திரும்ப வாங்குவாங்க. ஒரு பாட்டில் மட்டும் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்காரன் வாதாடிருவான். பேச நேரமில்ல சார், முதல்ல மருந்துக் கட்டுப்பாட்டு ஆளுங்களுக்குப் போனப் போடுங்க!"

ஜெயகணேஷ் போட்டார். ஒன்று, இரண்டு, ஏழு போன்கள். மராத்தியில் கத்தினார். ஹிந்தியில் கெஞ்சினார். அரை மணி நேரத்தில் நகரத்தின் நர்சிங் ஹோம்களுக்கு மெசேஜ்கள் பறக்க ஆரம்பித்தன.

சஃப்ரீன் பையிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்து வைத்தாள். "கையில கிருமி இருந்ததா காட்டுனாங்கல்ல, அது வளந்த தட்டு. அடில லேபிள் அவங்க கைப்பட எழுதுனது. என் பேர்ல அவங்க ஒளிஞ்சுக்கலாம்... இதுல முடியாது."

"சர்ட்டிஃபிகேட்ல பேர ஒளிச்சுட்டு, தட்டுல எழுதி வச்சுட்டுப் போயிருக்காவளா!" ஜெயகணேஷ் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஐரோலிக்கு ஜீப்பை அனுப்பினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், சஃப்ரீனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்களையும்... வைக்கணும், மேடம்."

"தெரியும் சார். அதான் வர்ற வழியிலயே வாப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

*

மறுநாள் காலையில் ஆறுமுகத்தாய் வெளியே வந்தாள். பொன்செல்வி அவளைக் கைத்தாங்கலாய் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பறிமுதல் செய்த பொருட்களில் ரேகை வைத்து வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்கள். ஒரு வெற்றிலைப் பை, ஒரு ஜோடி செருப்பு.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் சஃப்ரீன்.

பொன்செல்வி பார்த்தாள்.  "ஏட்டி..." என்றாள்.  கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஆறுமுகத்தாய் அழவில்லை. உதட்டுக் காயம் கறுத்திருந்தது. பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவ்வளவு படிச்சிருக்கியே மக்கா... அந்தக் காயிதத்தப் படிக்கலியா நீ?"

சஃப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கைநாட்டு. ரேகை வைக்கதுக்கு முன்னாடி, இதுல என்ன எழுதியிருக்குன்னு நாலு பேரக் கேப்பேன். பூலோகம் பொண்டாட்டி என் மயிரப் புடிச்சு இழுத்தா. அவள நான் திட்டல. உன்ன என்னன்னு திட்டன்னு எனக்குத் தெரியல."

"திட்டுங்க அத்தை."

"காப்பாத்துனவளும் நீயா ஆயிட்டியே. எப்படித் திட்ட?"

செருப்பை மாட்டிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயகணேஷ் லாக்கப்பைத் திறந்து சஃப்ரீனை மேஜைக்கு அழைத்து வந்தார். அங்கே சத்தமில்லாமல் மூச்சுவிட்டுக் கொண்டிருந்த ஃபேனுக்குக் கீழே, ஒன்பது பக்க வாக்குமூலம். எல்லாம் மராத்தி டைப்.

"சரக்குல பத்தாயிரத்துச் சொச்சம் திரும்ப வந்துட்டு, மேடம். புதுசா எங்கயும் சாவு இல்ல."

சஃப்ரீன் கண்ணை மூடித் திறந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. உங்க மேடமும் மேல ரூம்ல போட்டுட்டு இருக்காவ. சீக்கிரம்... பதினோரு மணிக்கு கோர்ட்டுல நிக்கணும்."

சஃப்ரீன் பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள். முதல் பக்கத்தை எடுத்தாள். விரலை முதல் எழுத்தின்மேல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

"மேடம், நேரமாவுது!"

"அவசரமா போட்ட கையெழுத்துல மூணு பேர் போய்ச் சேந்தாச்சு சார். இதுல போகப்போறது நான் ஒருத்திதான்... நிதானமா வாசிச்சுட்டே போறேனே!"